நிலம் வாங்குமுன் தரகரை அறிந்துகொள்ளுங்கள்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்கின்ற மிகப் பெரிய கொடுக்கல் வாங்கல் எது? பெண்ணின் திருமணம் என்று சிலர் கூறக்கூடும். ஆயினும் பெரும்பாலான இல்லங்களில் அது ஒரு மனையோ வீடோ வாங்குவதாகவே இருக்கின்றது. துபாயிலும் ரியாத்திலும் கோலாலம்பூரிலும் மனைவி மக்களைப் பிரிந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம், தாயின் நகையை விற்ற பணம், தந்தை ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகை ஆகிய எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில், ஒரு சில கையெழுத்துகளில் கைமாறிவிடுகின்றன. இவ்வளவு பெரிய தொகை யாருடைய சொல்லை நம்பிக் கைமாறுகின்றது? பல வேளைகளில், சென்ற வாரம் தேநீர்க் கடையில் அறிமுகமான ஒரு தரகரின் சொல்லை நம்பித்தான்!

மகளுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையின் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் விசாரிக்கின்றோம். அவர் வேலை பார்க்கும் இடத்திற்கு ஆள் அனுப்புகின்றோம். அதில் தவறில்லை. ஆனால் அதே மகளுக்காக வாங்கும் மனைக்கு, “பார்ட்டி அவசரப்படுகிறார், இன்றைக்கே டோக்கன் போட்டுவிடுங்கள்” என்று ஒருவர் கைப்பேசியில் சொன்னவுடன் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகின்றோம். மனை பார்ப்பதற்கு முன், மனை காட்டுபவரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகின்றேன்.

தரகுத் தொழிலின் நிலை

முதலில் ஓர் அநியாயத்தைக் களைந்துவிடுவோம். தரகர் என்றாலே பொய் பேசுபவர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மார்க்கம் அவ்வாறு பார்க்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வணிகர்கள் ‘ஸமாஸிரா’ என்று, அதாவது தரகர்கள் என்றே அழைக்கப்பட்டு வந்ததாகவும், நபியவர்கள் தங்களைக் கடந்து சென்றபோது அதைவிட அழகிய பெயரால் ‘துஜ்ஜார்’ என்று அழைத்ததாகவும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். வணிகத்தில் வீண்பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடுவதால், அதனுடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அப்போது நபியவர்கள் அறிவுறுத்தியதாக அபூதாவூதில் காண்கின்றோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பில் தரகுக் கூலிக்கென்று ஒரு தனித் தலைப்பே அமைத்து, இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகிய முன்னோர்கள் அக்கூலியில் குற்றம் எதனையும் காணவில்லை எனப் பதிவு செய்துள்ளார்கள்.

அதே புகாரியில் மற்றொரு செய்தியும் உள்ளது. கிராமத்திலிருந்து சரக்கு கொண்டு வருபவருக்காக நகரவாசி விற்றுக்கொடுக்கக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். இதன் பொருள் என்ன என்று கேட்கப்பட்டபோது, அவருக்குத் தரகராக இருக்கக் கூடாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். ஓரிடத்தில் ஆகுமாக்கப்பட்ட தொழில் மற்றோரிடத்தில் ஏன் தடுக்கப்பட்டது? சந்தை நிலவரம் தெரிந்த ஒருவர் இடையில் புகுந்து விலையை ஏற்றிவிட்டால் ஊர் மக்களுக்குத் தீங்கு நேரும் என்று அறிஞர்கள் காரணம் கூறுகின்றனர். தரகரின் கையிலிருக்கும் முதல், பணமன்று. மற்றவருக்குத் தெரியாத செய்தி. அந்தச் செய்தியை அவர் யாருக்காகப் பயன்படுத்துகின்றார் என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. எனவே அவரை நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முன்மாதிரி

தம் பொருளைப் பிறர் கையில் ஒப்படைப்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அன்னை கதீஜா (ரலி) அவர்களைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ? அவர்கள் செல்வமிக்க வணிகர். தாமே ஷாம் தேசத்திற்குப் பயணம் செல்லவில்லை. பிறரைக் கூலிக்கு அமர்த்தியே வணிகம் செய்தார்கள். முஹம்மது (ஸல்) அவர்களின் வாய்மையையும் நாணயத்தையும் கேள்வியுற்ற பின்னரே அவர்களை நாடினார்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகத் தருவதாக முன்கூட்டியே கூறினார்கள். அத்துடன் நிற்கவில்லை. தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பிவைத்தார்கள். ஊரே ‘அல்அமீன்’ என்று போற்றியவரிடம் பொருளைக் கொடுக்கும்போதும் கூட ஓர் ஆளை அனுப்பியது அவநம்பிக்கையன்று, முறை.

நற்பெயரை விசாரித்தல், கூலியை முன்னரே பேசிவிடுதல், உடன் ஓர் ஆளை வைத்தல் ஆகிய இம்மூன்றையும் இன்று மனை வாங்கப் போகும் ஒரு குடும்பம் அப்படியே பின்பற்றலாம். குறிப்பாகக் கணவர் வெளிநாட்டிலிருக்க, இங்கே தனியாக நின்று வீட்டு வேலைகளைக் கவனிக்கும் நம் சகோதரிகள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தரகருடன் மனை பார்க்கச் செல்லும்போது தந்தையையோ சகோதரரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல், என்ன பேசப்பட்டது என்பதற்குச் சாட்சியாகவும் இருப்பார்.

நற்பெயரை விசாரிப்பது என்றால் எப்படி? ஒருவர் மற்றொருவரைப் பற்றி நற்சான்று கூறியபோது உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகள் பிரசித்தமானவை. நீர் அவருக்கு அண்டை வீட்டுக்காரரா, அவருடன் பயணம் செய்திருக்கின்றீரா, திர்ஹமும் தீனாரும் கொடுத்து வாங்கியிருக்கின்றீரா என்று வினவினார்கள். இல்லை என்று பதில் வரவே, பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைத்தான் பார்த்திருப்பீர், அவரை உமக்குத் தெரியாது என்ற கருத்தில் கூறினார்கள் என்று பைஹகீ போன்ற நூல்கள் குறிப்பிடுகின்றன. தாடியையும் தொப்பியையும் முதல் ஸஃப்பையும் பார்த்து ஒருவரிடம் இருபது இலட்சத்தைக் கொடுக்கலாகாது. இதை மிம்பரில் நின்று சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆனால் பாய் என்ற ஒரே காரணத்தால் நம்பி ஏமாந்தவர்கள் நம்மிடையே குறைவாக இல்லை. அதேபோல், நம்மவர் அல்லர் என்ற காரணத்தால் நாணயமான பிற சமயத் தரகரை ஒதுக்குவதும் அறிவுடைமையாகாது. ஹிஜ்ரத்தின்போது பாலைவனத்தில் வழிகாட்டுவதற்கு நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்தியவர், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஒருவரே. வழி தெரிந்தவர், நம்பத் தகுந்தவர் என்ற இரண்டும் அவரிடம் இருந்தன. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு வைத்துக்கொள்ளுமாறு அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது ஆற்றல், நம்பகம் எனும் இவ்விரண்டு தகுதிகளையே குறிப்பிட்டதாகத் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகின்றது.

எனவே மனை வாங்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதும் ஆறு மாதங்களையாவது பழகுவதற்கென ஒதுக்குங்கள். அப்பகுதியிலேயே பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் இரண்டு, மூன்று தரகர்களைச் சந்தியுங்கள். அவர்கள் மூலம் முன்பு வாங்கிய குடும்பங்களிடம் சென்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் எப்படிப் பேசினார் என்று கேட்பதால் பயனில்லை. அப்போது எல்லாரும் இனிமையாகத்தான் பேசுவார்கள். பத்திரம் முடிந்த பின் பட்டா மாறுதலுக்கு உடன் வந்தாரா, எல்லைக்கல்லில் தகராறு வந்தபோது தொலைபேசியை எடுத்தாரா என்று கேளுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு வாடகை வீட்டை அவர் மூலம் எடுத்துப் பாருங்கள். சிறு தொகையில் ஒருவரின் குணம் தெரிந்துவிடும். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தெருவைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். அதன் குறையைச் சொல்கின்றாரா, மறைக்கின்றாரா என்பது புலனாகும். “இந்த மனை உங்களுக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்று தமக்கு வரவேண்டிய கூலியை இழந்து ஒருவர் சொல்வாராயின், அவரை விட்டுவிடாதீர்கள்.

பத்திரம் சொல்லாத செய்திகள்

“எல்லாம்தான் கணினியில் வந்துவிட்டதே, தரகருடன் பழக்கம் எதற்கு?” என்று இளைஞர்கள் கேட்கின்றனர். உண்மைதான். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்க முடிகின்றது. பட்டாவையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆயினும் வில்லங்கச் சான்றில் பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே இடம்பெறும் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இது மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒரு முஸ்லிம் தம் சொத்தை வாய்மொழியாகவே ‘ஹிபா’ செய்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டு, கைவசமும் கொடுத்துவிட்டால் அது செல்லும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவில் முஸ்லிம்களின் நன்கொடைக்கு விலக்களித்துள்ளது. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. பெரியவர் ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு முன் தம் இளைய மகனுக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்ட இடத்தை, அவர் மறைந்தபின் மூத்த மகன் தம் பெயரிலுள்ள ஏதோ ஒரு காகிதத்தைக் காட்டி விற்க வந்தால், வில்லங்கச் சான்று ஒன்றுமே சொல்லாது. தெருவிலுள்ள முதியவர்கள் சொல்வார்கள். அத்தெருவில் முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் தரகர் சொல்வார், சொல்ல மனமிருந்தால்.

அடுத்து, சகோதரிகளின் பங்கு. பெண்மக்களுக்குரிய பங்கை அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் விதித்திருக்கின்றான். ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? தந்தை காலமானதும் அண்ணன் தம்பிகள் கூடிப் பாகப் பிரிவினை செய்துகொள்கின்றனர். சீர் செய்து அனுப்பியாகிவிட்டது என்று கூறிச் சகோதரியின் கையெழுத்தைத் தவிர்த்துவிடுகின்றனர். அவர் வேறு மாவட்டத்திலோ இலங்கையிலோ மலேசியாவிலோ வாழ்கின்றார். அந்தச் சொத்தை முழுமையாக வாங்குபவர், அச்சகோதரியின் பங்கையும் சேர்த்து வாங்கியதாக நினைத்துக்கொள்கின்றார். உண்மையில் விற்றவருக்குச் சொந்தமில்லாததை அவர் விற்க முடியாது. பிற்காலத்தில் சகோதரியின் பிள்ளைகள் வழக்குத் தொடுத்தால் நிற்பது வாங்கியவர்தான். துன்யாவின் வழக்கு ஒருபுறமிருக்க, ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றது. அறிந்துகொண்டே வாங்குபவர் தமக்கு அதில் தொடர்பில்லை என்று கூற முடியுமா?

குடும்பத்தை அறிந்த தரகரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: அவருக்கு எத்தனை மனைவியர், எத்தனை பெண்மக்கள், எவர் எங்கே இருக்கின்றனர், எல்லாரும் கையெழுத்திட வருவார்களா? வாரிசுச் சான்றிதழை அதன்பின் வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

மைனர்களின் பங்கு இதைவிட நுட்பமானது. கணவரை இழந்த தாய், தம் சிறு பிள்ளைகளுக்காகக் கையெழுத்திட்டு விற்றுவிடலாம் என்று பலர் நினைக்கின்றனர். முஸ்லிம் தனியார் சட்டப்படி மைனரின் சொத்துக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர்கள் தந்தை, அவர் மரண சாசனத்தால் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவரால் நியமிக்கப்பட்டவர் ஆகியோரே. தாயோ அண்ணனோ நீதிமன்றத்தால் நியமிக்கப்படாத நிலையில் மைனரின் அசையாச் சொத்தை விற்றால் அது செல்லாது என்று பிரிவியூ கவுன்சில் 1918ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய, பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அவர்கள் அதனை இலவசமாகவே தர முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அவ்வாறு ஏற்க மறுத்து, விலைக்கே வாங்கினார்கள். பள்ளிவாசலுக்கே இந்தப் பேணுதல் என்றால், நம் வீட்டுக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

இவற்றோடு நீர், பாதை போன்றவையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் பார்த்தோம். கோடையில் காய்ந்து கிடக்கும் இடத்தைக் காட்டுவது எவருக்கும் எளிது. உணவு தானியக் குவியலின் உள்ளே கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். ஏரியின் உட்பகுதியில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கி விற்பவரும் ஈரத்தை அடியில் மறைத்தவரே. மழைக்காலத்தில் வந்து பாருங்கள் என்று அழைக்கும் தரகர் கிடைத்தால் அது உங்கள் நற்பேறு. அவர் அழைக்காவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை நீங்களே சென்று பாருங்கள்.

கூலியும் விசுவாசமும்

பழக்கம் ஏற்பட்ட பின், மனை எதையும் பார்க்கத் தொடங்குமுன், இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். ஒன்று, நீங்கள் யாருக்காகப் பேசுகின்றீர்கள்? நம் நாட்டில் ஒரே தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கூலி பெறுவது வழக்கமாக உள்ளது. இரு தரப்பாரும் அறிந்திருந்து இசைந்தால் அதைத் தவறெனக் கூற முடியாது. மறைத்துப் பெறுவதே தவறு.

இரண்டாவது, உங்கள் கூலி எவ்வளவு, எப்போது? விலையில் ஒரு சதவிகிதம், இரண்டு சதவிகிதம் என ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகின்றது. எதுவாயினும் முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. “பார்த்துச் செய்யுங்கள் பாய்” என்பதில்தான் பின்னர் வரும் மனத்தாங்கல்கள் எல்லாம் தொடங்குகின்றன. விற்பவர் நாற்பது இலட்சம் கேட்க, தரகர் நாற்பத்தைந்து என்று நம்மிடம் சொல்லி இடையிலுள்ள ஐந்தைத் தாம் எடுத்துக்கொள்வதும் நடக்கின்றது. இன்ன விலைக்கு விற்றுக்கொடு, அதற்கு மேல் கிடைப்பது உனக்கு என்று உடைமையாளரே தரகரிடம் கூறுவதில் குற்றமில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கருதியதாகப் புகாரியில் குறிப்பு உள்ளது. கூலி இவ்வளவு என்று தெரியாத நிலை இருப்பதால் இதை ஏற்காத அறிஞர்களும் பலர். ஆனால் உடைமையாளருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் இடையில் எடுப்பதை எவரும் ஆகுமாக்கவில்லை. இரு தரப்பாரையும் நேரில் சந்திக்கவைத்து விலை பேசச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குபவர் ஏன் தயங்குகின்றார் என்று யோசியுங்கள்.

இவ்விடத்தில் உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைக் கூறாமலிருக்க முடியவில்லை. ஓர் ஆடு வாங்கி வருமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். தம் திறமையால் கிடைத்ததுதானே என்று அவர் அந்தத் தீனாரை வைத்துக்கொள்ளவில்லை. நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். அதன் பின் மண்ணை வாங்கினாலும் அதில் இலாபம் கண்டுவிடுவார் என்று சொல்லுமளவுக்கு அவருக்கு வளம் ஏற்பட்டது. தரகுத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

“வேறொரு பார்ட்டி முன்பணத்துடன் நிற்கிறார்” என்று இல்லாத ஆளை நிறுத்தி விலையேற்றுவது, ‘நஜ்ஷ்’ என்று ஹதீஸ்களில் தடுக்கப்பட்ட செயலேயாகும். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால், நமக்கு விதிக்கப்பட்டது நம்மை விட்டுப் போகாது என்ற உறுதியுடன் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். உண்மையிலேயே வேறொருவர் வாங்கிவிட்டால், வாங்கிக்கொள்ளட்டும்.

நம் பக்கத்துத் தவறுகள்

தரகரின் நாணயத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். வாங்குபவரின் நாணயம்? ஒரு தரகர் ஞாயிறு தோறும் தம் வண்டிக்குத் தாமே எரிபொருள் நிரப்பி, பத்து இடங்களைக் காட்டுகின்றார். பதினோராவது இடம் பிடித்துப்போனதும், அவருக்குத் தெரியாமல் விற்பவரின் எண்ணைத் தேடிப் பிடித்து, “இடையில் ஆள் வேண்டாம், கமிஷன் மிச்சம்” என்று நேரடியாக முடித்துவிடுகின்றோம். பிறகு அதே வீட்டில் மௌலூது ஓதி, விருந்தும் வைக்கின்றோம். அந்தத் தரகரின் உழைப்புக்குரிய கூலி அந்தச் சுவருக்குள் இருக்கின்றதல்லவா? தம்மிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை ஹதீஸ் குத்ஸியில் காண்கின்றோம்.

கையில் முப்பது இலட்சம் வைத்துக்கொண்டு ஐம்பது இலட்சத்து வீடுகளைக் காட்டச் சொல்லி அலைக்கழிப்பதும் சரியன்று. எவ்வளவு இருக்கின்றது, வட்டியில்லாமல் இன்னும் எவ்வளவு திரட்ட முடியும், எத்தனை மாதம் ஆகும் என்பதைத் தரகரிடம் மறைக்காமல் கூறினால்தான் அவர் நமக்காக விற்பவரிடம் தவணை கேட்டுப் பேச முடியும். வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு, ஓராண்டு தவணைக்கு இசையும் விற்பனையாளரைத் தேடித் தருவது நல்ல தரகர் செய்யக்கூடிய பேருதவி. அபூராஃபிஉ (ரலி) அவர்கள் தம் வீட்டை ரொக்கமாக ஐந்நூறு தீனாருக்குக் கேட்டவர்கள் இருந்தும், அண்டை வீட்டார் என்பதற்காக ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நாலாயிரம் திர்ஹத்துக்குத் தவணையில் விற்ற செய்தி புகாரியில் உள்ளது. தவணைக்குக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது. “பாதிக்கு எழுதிக்கொள்ளலாம், மீதி ரொக்கம்” என்று நாமே தரகரைக் கேட்கின்றோம். 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்கட்டும். நம்முடன் சேர்ந்து சாட்சிப் பத்திரத்தில் பொய் எழுத இசைந்த ஒருவர், நம்மிடம் மட்டும் உண்மை பேசுவார் என்று எந்த ஆதாரத்தில் நம்புகின்றோம்? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

பழக்கமும் பத்திரமும்

உறவு வலுத்துவிட்டது என்பதற்காகக் காகிதத்தைப் பார்க்காமல் விட்டுவிடலாமா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282ஆம் வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியும் சாட்சிகளை வைப்பது பற்றியுமே பேசுகின்றது. அது ஈமான் கொண்டவர்களை விளித்தே அருளப்பட்டது. நண்பர்களுக்கிடையில் எழுத்து எதற்கு என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரையுள்ள தொடரையும், முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் தரகர் காட்டாத, நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். நல்ல தரகர் இதனால் வருத்தப்பட மாட்டார். நகல் போதாது, அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். அது வங்கியிலோ கடன் கொடுத்தவரின் பெட்டியிலோ இருக்கலாம். மனைப்பிரிவில் மனை வாங்குவதாயின், அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்குப் பின் அங்கீகாரமில்லாமல் பிரிக்கப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய இயலாத நிலை உள்ளது. 2016ஆம் ஆண்டின் மத்திய ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுக்கொடுக்கும் தரகரும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தனி ஒருவரின் பழைய வீட்டை விற்றுக்கொடுக்கும் ஊர்த் தரகருக்கு இந்த எண் இல்லாதிருக்கலாம். அங்கே முன்பு சொன்ன விசாரணைதான் துணை.

வக்ஃப் நிலத்தைப் பற்றி ஒரு சொல். உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம் விற்கப்படவோ, நன்கொடையாக்கப்படவோ, வாரிசுரிமையாகவோ ஆகக் கூடாது என்ற நிபந்தனையுடன் வக்ஃப் செய்யப்பட்டது. பள்ளிக்கோ தர்காவுக்கோ அருகிலுள்ள இடமென்றால், ஜமாஅத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். தரகரையும் உடன் அழைத்து வாருங்கள், அவருக்கும் தெரியட்டும்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு முக்கியமான வேண்டுகோள். எவ்வளவு நெருங்கிப் பழகியவராயினும் உங்கள் அதிகாரப் பத்திரத்தைத் தரகருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் கையொப்பத்தையும் தரகரின் கூலியையும் ஒரே ஆளிடம் வைப்பது அவரையும் சோதனைக்குள்ளாக்கும். தந்தைக்கோ மனைவிக்கோ உடன்பிறந்தாருக்கோ கொடுங்கள். அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பப்படும் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். விற்பவர் தரப்பிலும் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கின்றாரா என்பதை அவருடன் நேரில் பேசி உறுதிசெய்யுங்கள். எழுதிக் கொடுத்தவர் மறைந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் மறைந்துவிடும். பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கருதிக் கைமாற்றிக்கொள்வதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்துள்ளது.

இவையெல்லாம் முடிந்து கிரயப் பத்திரம் பதிவாகும் நாளன்று, சார்பதிவாளர் அலுவலகப் படியிறங்குமுன் தரகரின் கூலியைப் பேசியபடி கொடுத்துவிடுங்கள். கூலிக்காரரின் வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபிமொழி இவருக்கும் பொருந்தும். பட்டா மாறுதல், குடிநீர் இணைப்பு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு இன்னும் சில மாதங்கள் அவருடைய துணை தேவைப்படும். புது வீட்டில் முதல் முறை சமைக்கும் நாளில் அவருக்கும் ஒரு தட்டு அனுப்பிவையுங்கள்.